பிள்ளை கையில் பீடி வந்த வழி



‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று அளவோடு பெற்றுக்கொண்டோம். தவணை தவறாமல் தடுப்பூசி போட்டோம். எடை பார்த்தோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பிள்ளைக்குப் பத்து வயசு தாண்டினதும், ‘இனிமே அவனே பாத்துக்குவான்’ என்று கொஞ்சம் அசந்துவிடுகிறோம். அந்த நேரம் பார்த்துத்தான் புகையிலை வீட்டுக்குள் நுழைகிறது.

‘நம்ம ஊர்ப் பிள்ளைங்க அப்படி இல்லீங்க’ என்று சொல்பவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 13 முதல் 15 வயது வரை உள்ள மாணவ மாணவியரில் 100-க்கு எட்டுப் பேருக்கு மேல், அதாவது 8.5 சதவீதம் பேர், ஏதாவது ஒரு வகையில் புகையிலை உபயோகிப்பது தெரிந்தது. பையன்களில் 9.6 சதவீதம், பெண் பிள்ளைகளில் 7.4 சதவீதம். ஆகவே இது பையன்கள் விஷயம் மட்டும் அல்ல. இன்னொன்றும் தெரிந்தது. பீடி குடித்துப் பார்த்த பிள்ளைகளில் 100-க்கு 47 பேர், பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே முதல் பீடியைத் தொட்டுவிட்டார்கள். மீசை முளைத்த பிறகு வரும் பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். பால் பல் விழுந்து முடிவதற்குள் அது வந்துவிடுகிறது.

பிள்ளை கெட்டவன் என்பதால் இந்தப் பழக்கம் வருவதில்லை. அது வர மூன்று வழிகள் இருக்கின்றன: வீடு, கூட்டாளி, கையில் புழங்கும் காசு. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், அடைக்கும் சாவி பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது என்பதும் விளங்கும்.

இளம் வயதில் ஏன் சீக்கிரம் பிடிக்கிறது?

புகையிலையில் நிக்கோட்டின் என்ற விஷச் சத்து இருக்கிறது. புகையை உள்ளே இழுத்தால் சில விநாடிகளில் அது மூளைக்குப் போய்விடும். சற்று நேரம் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு அது குறையும்போது எரிச்சலும் சோர்வும் வரும். அந்த எரிச்சலைத் தீர்க்க இன்னொரு பீடி வேண்டும். இப்படித்தான் சங்கிலி ஆரம்பமாகிறது.

மனித மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகும். வளரும் மூளையில் நிக்கோட்டின் ஆழமாக வேர் பிடிக்கும். படிப்பில் கவனம் குறையும், கோபம் கூடும். முப்பது வயதில் பழகியவரை விட, பதிமூன்று வயதில் பழகியவருக்கு விடுவது கடினம். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பார்கள். இதில் கதை தலைகீழ்: ஐந்தில் வளைந்துவிட்டால் ஐம்பதில் நிமிர்வது பெரும்பாடு.

புகை இல்லாத புகையிலை நல்லது என்று நினைக்காதீர்கள். உதட்டுக்குள் அதக்கும் பொட்டலமும், பாக்கோடு கலந்து மெல்லுவதும் வாயைத்தான் அரிக்கின்றன. பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுபவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, நாளடைவில் வாய் திறக்கவே முடியாமல் போகும். இரண்டு விரல் நுழையாது, காரம் பட்டால் எரியும். பிற்பாடு இதுவே புற்றுநோயாக மாறவும் கூடும். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர் புகையிலையால் மாண்டுபோகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

முதல் வழி: நம் வீடு

‘டேய் தம்பி, ஓடிப்போய் ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி வாங்கியா. மீதிச் சில்லறைய நீயே வெச்சுக்கோ.’

எத்தனை வீடுகளில் தினமும் கேட்கும் பேச்சு இது! இந்த ஒரு பேச்சில் பிள்ளை நான்கு பாடம் படிக்கிறது. பீடி எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை, கேட்டால் கடைக்காரர் கொடுப்பார், வாங்கினால் கைக்குக் காசும் மிஞ்சும். கூலி கொடுத்துக் கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவு எளிதில் மறக்குமா?

பற்றவைக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அடுப்பில் நெருப்பு எடுத்து ஒரு இழுப்பு இழுத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்து தாத்தாவிடம் கொடுப்பது ஒரு காலத்தில் விளையாட்டாக இருந்தது. அந்த ஒரு இழுப்புத்தான் அந்தப் பிள்ளையின் முதல் புகை.

பெண் பிள்ளைகளுக்கு வேறு வழி. ஆயா வெற்றிலை இடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு வாங்கிப் போட்டுக்கொள்வது. பல் வலிக்குப் புகையிலைத் துண்டை அதக்கிக்கொள்ளச் சொல்வது. புகையிலை கலந்த பொடியால் பல் விளக்குவது. இவை எல்லாம் மருந்து அல்ல. பல் வலி என்றால் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

அப்பா வீட்டுக்குள் குடிக்கும் புகையைப் பிள்ளையும் சேர்ந்துதான் குடிக்கிறது. அதனால் மார்ச்சளியும் இழுப்பும் காது நோயும் வரும். கர்ப்பிணி மனைவி பக்கத்தில் இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். ‘வாசல்ல நின்னுதானே குடிக்கிறேன்’ என்று சொல்லலாம். புகை வாசலோடு நிற்காது, பிள்ளையின் கண்ணும் நிற்காது. அப்பா செய்வதைத்தான் பிள்ளை ஆண்மை என்று எண்ணும்.

இரண்டாம் வழி: கூட்டாளியும் விசேஷமும்

‘ஒரே ஒரு இழுப்புடா. பயந்தாங்கொள்ளியா நீ?’ இந்தக் கேலிக்கு முன்னால் பன்னிரண்டு வயசுப் பையன் நிற்க முடியாது. அந்த வயசில் அப்பா திட்டுவதை விடக் கூட்டாளி சிரிப்பதுதான் பெரிய அவமானம். வாத்தியார் சொன்ன புற்றுநோய் நாற்பது வருஷம் தள்ளி இருக்கிறது. கூட்டாளியின் சிரிப்போ கண் முன்னால் இருக்கிறது.

அதோடு நம் ஊர் விசேஷங்களையும் எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு சிகரெட்டையும் பீடியையும் அடுக்கி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சாவு வீட்டிலும் அப்படித்தான். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தல் முழுக்கச் சுற்றி வருவது யார்? பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள். பெரியவர்கள் எடுத்துக்கொண்டு பாராட்டுகிறார்கள். தட்டில் ஒன்று இரண்டு குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள்?

மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போகிற கூட்டம், ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போகிற கூட்டம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் தனியாகக் கூட்டாளியோடு சுற்றுவார்கள். கையில் திருவிழாக் காசு இருக்கும். தெரிந்தவர் கண் படாது. பழக்கத்தின் முதல் நாளாக இது எளிதில் அமைந்துவிடும். அதற்காகத் தேருக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். யாரோடு போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கேட்டு அனுப்பினால் போதும். கேட்கிற ஆள் இருக்கிறார் என்பதே பிள்ளைக்கு ஒரு கட்டு.

சினிமாவும் ஒரு கூட்டாளிதான். கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் பையனும் கண்ணாடி முன் நின்று செய்து பார்ப்பான். 2012 அக்டோபர் முதல் புகைக்கும் காட்சி உள்ள படங்களில் எச்சரிக்கை போட வேண்டும் என்று விதி இருக்கிறது. எச்சரிக்கையைப் பிள்ளை படிக்கிறதா, கதாநாயகனைப் பார்க்கிறதா என்பது நமக்கே தெரியும்.

மூன்றாம் வழி: கையில் புழங்கும் காசு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 18-ஆம் நூற்றாண்டிலேயே, புதுச்சேரியில் வெற்றிலை, புகையிலைக் குத்தகை பெரிய வருமானமாக இருந்தது. அப்போதும் இப்போதும் கணக்கு ஒன்றுதான்: விற்கிறவனுக்கு வரவு, வாங்குகிறவனுக்குச் செலவு. இன்று அந்தச் செலவுக்குப் பிள்ளைகளிடம் காசு எப்படி வருகிறது?

(அ) சில்லறைக் காசு. காலையில் சாப்பிடாமல் கிளம்பும் பிள்ளைக்கு, ‘வழியில எதுனா வாங்கித் தின்னுக்கோ’ என்று பத்து ரூபாய் கொடுக்கிறோம். பசியோடு இருக்கும் வயிறும் கையில் இருக்கும் பத்து ரூபாயும் பெட்டிக்கடை முன்னால் சேர்ந்து நிற்கின்றன. புகையிலை பசியை மரத்துப்போகச் செய்யும். அதனால் இட்லிக்குப் பதில் பொட்டலம் வாங்கும் பிள்ளையும் உண்டு. காசுக்குப் பதில் ஒரு கிண்ணம் பழைய சோறு கொடுத்து அனுப்புவது எவ்வளவோ மேல்.

(ஆ) கூலிக் காசு. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன் கிராமங்களில் இருந்து லீவு நாளில் பையன்கள் டவுனுக்கு வேலைக்குப் போவது சகஜம். சென்ட்ரிங், பெயின்ட், மெக்கானிக் ஷெட், சமையல் கான்ட்ராக்ட், மார்க்கெட்டில் மூட்டை என்று ஏதோ ஒன்று. வேலைத் தலத்தில் இருப்பவர்கள் எல்லாம் வயசில் பெரியவர்கள். ‘தம் போட்டுட்டு வரேன்’ என்று சொன்னால் மேஸ்திரி ஐந்து நிமிஷம் விடுவார். பழக்கம் இல்லாத பையன் அந்த ஐந்து நிமிஷமும் கல் சுமக்க வேண்டும். ஓய்வு வேண்டுமானால் பீடி வேண்டும் என்று வேலையே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சாயங்காலம் கூலி கையில் விழும். வீட்டுக்குப் பாதி, மீதி அவன் இஷ்டம்.

14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. குடும்பக் கஷ்டத்தால் மூத்த பையன் லீவில் வேலைக்குப் போக நேர்ந்தால், மேஸ்திரியிடம் அப்பாவே நேரில் போய், ‘அவன் பீடி குடிக்கிறவன் இல்லீங்க. மத்தவங்க குடிக்கிற நேரத்துல அவனையும் கொஞ்சம் உக்கார விடுங்க’ என்று சொல்லிவிட்டு வரட்டும். இது சின்னப் பேச்சு. ஆனால் பையனுக்குப் பெரிய பாதுகாப்பு.

(இ) உதிரி விற்பனை. சிகரெட் பெட்டி வாங்கப் பையனிடம் காசு இருக்காது. ஆனால் ஒரே ஒரு சிகரெட், ஒரே ஒரு பொட்டலம் வாங்க இருக்கும். விலை ஏறினால் முதலில் வாங்குவதைக் குறைப்பவர்கள் இளம் வயதினர்தான். காசு குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். உதிரியாக விற்பது அந்தத் தடையை எடுத்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பெட்டிகளின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். அந்தப் படம் பெட்டியில்தான் இருக்கும், உதிரி சிகரெட்டில் இருக்காது. ஒன்று ஒன்றாக வாங்கும் பையன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை.

பையில் ஒளிக்கச் சுலபமான சின்னப் பொட்டலங்கள் இன்னும் மோசம். புகை இல்லை, நாற்றம் இல்லை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே உதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ‘கூல் லிப்’ என்னும் பொட்டலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் அடிமையாகி வருவது பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

ஒரு வீட்டுக் கணக்கு

கணவனும் மனைவியும் ராத்திரி உட்கார்ந்து பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

மனைவி: ஏங்க, ஒரு நாளைக்குப் பீடிக்கும் பொட்டலத்துக்கும் எவ்வளவு ஆவுது உங்களுக்கு?

கணவன்: என்ன, ஒரு முப்பது ரூபா ஆவும். அதுக்கு என்ன இப்போ?

மனைவி: முப்பதுன்னா மாசம் தொள்ளாயிரம். வருஷத்துக்குப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது.

கணவன்: அவ்ளோவா வருது?

மனைவி: இன்னும் முடியல. பெரியவன் சட்டைப் பையில நேத்து தூள் இருந்துச்சு. அவனுக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபான்னு வெச்சாலும் வருஷத்துக்கு ஏழாயிரத்து முந்நூறு. ரெண்டு பேரும் சேந்து பதினெட்டாயிரத்து இருநூத்தி அம்பது ரூபா.

கணவன்: அவனா? நாலு சாத்து சாத்தினாதான் சரிப்படுவான்.

மனைவி: அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும். வாங்கியாரச் சொல்லி அவன அனுப்பினது யாரு?

இந்தக் கணக்கை நீங்களும் உங்கள் வீட்டுச் செலவை வைத்துப் போட்டுப் பாருங்கள். பையன் பதினைந்து வயதில் தொடங்கி இருபத்தைந்து வரை நாளைக்கு 20 ரூபாய் செலவழித்தால் 73,000 ரூபாய். அதே காசை மாசம் 600 ரூபாய் வீதம் தபால் ஆபீஸ் தொடர் சேமிப்பில் ஐந்து வருஷம் போட்டால் 36,000 ரூபாய் முதல், வட்டி தனி. பெண்ணின் காலேஜ் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் அது உதவும். இதில் வைத்தியச் செலவைச் சேர்க்கவில்லை. வாய்ப் புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தாலும், வேலைக்குப் போகாத நாளின் கூலியை யார் தருவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-இல் வந்தது. அதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. ‘அப்பாவுக்கு வாங்குறேன்’ என்றாலும் கொடுக்கக் கூடாது. 18 நிரம்பாத பிள்ளையைக் கடையில் உட்கார வைத்து விற்கவும் கூடாது.

2. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், விற்கக் கூடாது. புகையிலை இல்லாப் பள்ளி விதிகளின்படி அந்த எல்லையில் மஞ்சள் கோடு போட வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல், அலுவலகம் முதலிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2 முதல் இது கண்டிப்பாக அமலுக்கு வந்தது.

4. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி, பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

5. மின் சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் நாடு முழுவதும் தடை.

மீறும் கடையைப் பற்றித் தலைமை ஆசிரியரிடமோ, சுகாதார ஆய்வாளரிடமோ, போலீஸ் நிலையத்திலோ சொல்லலாம். கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தான். முதலில் நான்கு பெற்றோர் சேர்ந்து போய், ‘அண்ணே, எங்க பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க’ என்று கேளுங்கள். பல இடங்களில் அதுவே போதும். ஆனால் வீட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். அங்கே நீங்கள்தான் சட்டம்.

பிள்ளையிடம் தெரிந்தால் என்ன செய்வது?

அடையாளங்கள்: சட்டையில் வாடை, அடிக்கடி ஏலக்காய் அல்லது மிட்டாய் மெல்லுதல், பல்லில் கறை, உதட்டின் உள்பக்கம் வெளுத்த திட்டு, காரம் சாப்பிட மறுத்தல், கணக்குக்கு வராத காசு, காரணம் இல்லாத எரிச்சல்.

தெரிந்தவுடன் அடிக்காதீர்கள். நான்கு பேர் முன்னால் மானத்தை வாங்காதீர்கள். அடித்தால் பழக்கம் போகாது, ஒளிக்கிற இடம்தான் மாறும். தனியாகக் கூப்பிட்டு இப்படிக் கேளுங்கள்: ‘தம்பி, உன்ன அடிக்கக் கூப்பிடல. எப்போ ஆரம்பிச்சே? யார் குடுத்தா? ஒரு நாளைக்கு எத்தினி? விட முடியுதா, முடியலியா?’ பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள். ‘முடியல’ என்று அவன் சொன்னால் அது பொய் அல்ல, நோய்.

அப்பாவுக்கும் பழக்கம் இருந்தால், ‘நீ விடு’ என்று சொல்வதை விட, ‘வா, ரெண்டு பேருமே விடலாம்’ என்று சொல்வதில் பலம் அதிகம். சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கும் கட்டையும் தீப்பெட்டியையும் அன்றே எடுத்துப் போட வேண்டும்.

விட்ட முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். தலைவலி, தூக்கமின்மை, சிடுசிடுப்பு வரும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆசை எழும்பும் வேகம் சில நிமிஷங்கள்தான். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கட்டும், ஆழமாக மூச்சு விடட்டும், வெள்ளரிப் பிஞ்சோ பொரியோ மெல்லட்டும், இடத்தை விட்டு எழுந்து போகட்டும். பாக்கை மட்டும் மாற்றாகக் கொடுக்காதீர்கள். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. மருந்து, மாத்திரை, நிக்கோட்டின் சூயிங்கம் எதுவானாலும் டாக்டர் சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் தவறினால், ‘நீ தேற மாட்டே’ என்று கைவிட்டுவிடாதீர்கள். பலர் இரண்டு மூன்று முறை முயன்ற பிறகே முழுக்க விட்டிருக்கிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

• பீடி, சிகரெட், புகையிலை வாங்கப் பிள்ளையை இனி அனுப்பாதீர்கள்.
• வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது, விருந்தாளி ஆனாலும் சரி.
• உங்கள் வீட்டு விசேஷத்தில் தாம்பூலத் தட்டில் சிகரெட், பீடி வைக்காதீர்கள்.
• பள்ளிக்குச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். காசு கொடுத்தால் கணக்குக் கேளுங்கள்.
• பிள்ளை சம்பாதித்தால் அவன் பேரிலேயே தபால் ஆபீஸ் கணக்கு ஆரம்பியுங்கள்.
• வாரம் ஒரு நாளாவது பிள்ளையின் கூட்டாளிகளை வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசுங்கள்.

புகையிலையை விட ஆலோசனை தரும் தேசிய தொலைபேசி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் கிராமத்துக்கு வரும் செவிலியரிடம் கேட்கலாம். அருகில் உள்ள துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டவும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், ஊருக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.